ஊர் வங்கி மூழ்கினால் நம் பணம் என்ன ஆகும்? கான்சாஸ் வாசகிக்கு ஒரு பதில்

கேள்வி:

நானும் என் கணவரும் மருத்துவர்கள். மேற்கு கான்சாஸில், ஒரு தானியக் கிடங்கும் ஒரு மளிகைக் கடையும் ஒரு வங்கியும் உள்ள சிற்றூரில் வசிக்கிறோம். மருத்துவர் குறைந்த ஊரில் சில ஆண்டு பணிபுரிவதாக ஒப்பந்தம் செய்து, ஜே-1 விசா விலக்கில் இங்கே வந்தோம். ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் இங்கேயே தங்கிவிட்டோம். இருவருக்கும் கிரீன் கார்டு வந்துவிட்டது, குடியுரிமை இன்னும் பெறவில்லை. கிளினிக் தொடங்கக் கடன் கேட்டபோது பெரிய வங்கிகள் எல்லாம் கைவிரித்துவிட்டன. இந்த ஊர் வங்கிதான் நம்பிக் கொடுத்தது. கிளினிக் பெயரில் உள்ள அந்தக் கடனில் இன்னும் 2,20,000 டாலர் பாக்கி இருக்கிறது.

சென்னையில் இருந்த அடுக்குமாடி வீட்டை விற்று, வரி கட்டிக் கொண்டுவந்த பணம் என் கணவர் பெயரில் அதே வங்கியில் இருக்கிறது: 3,90,000 டாலர். எங்கள் இருவரின் கூட்டுக் கணக்கில் 1,40,000. கிளினிக்கின் எல்.எல்.சி. (வரையறுக்கப்பட்ட பொறுப்பு நிறுவனம்) கணக்கில் 85,000. என் நகைகள் அங்குள்ள லாக்கரில் இருக்கின்றன.

எல்கார்ட் ஊர் வங்கி மூடப்பட்ட கதையை இங்கே இன்னமும் பேசுகிறார்கள். "எல்லாவற்றையும் எடுத்துப் பெரிய வங்கியில் போடு" என்று டாலஸில் இருக்கும் என் தம்பி நச்சரிக்கிறான். தஞ்சாவூரில் அப்பா ஒரு நிதி நிறுவனத்தில் போட்ட பணம் முழுவதும் போனதைச் சிறுவயதில் பார்த்தவள் நான். ஆனால் கைகொடுத்த வங்கியை விட்டு ஓடுவது நன்றிகெட்ட செயலாகத் தோன்றுகிறது. இதற்கிடையே வங்கித் தலைவர், எங்கள் குடும்ப நண்பர், வங்கியின் தாய் நிறுவனத்தில் 50,000 டாலருக்குப் பங்கு வாங்கிக்கொள்ளச் சொல்கிறார். என்ன செய்யட்டும்? வங்கி மூடினால் கடனை ஒரே தவணையில் கட்டச் சொல்வார்களா? வைப்புத்தொகைக் காப்பீடு குடிமக்களுக்கு மட்டும்தானா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள டாக்டர் அவர்களுக்கு,

வங்கியை விட்டு நீங்கள் ஓட வேண்டியதில்லை. உங்கள் கணவர் பெயரில் இருக்கும் பணத்தில் 1,50,000 டாலரை இந்த வாரமே கூட்டுக் கணக்குக்கு மாற்றுங்கள். அதே வங்கி, அதே கவுன்டர், ஒரே படிவம், வேலை முடிந்தது. பங்கு மட்டும் வாங்காதீர்கள். இதை ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்கு எல்கார்ட்டின் கதையையும், அதற்கு அடுத்த ஆண்டு ஓக்லஹோமாவில் நடந்த இன்னொரு கதையையும் சொல்லியாக வேண்டும். உங்கள் ஊரில் பேசுவது பெரும்பாலும் முதல் கதையை. உங்கள் பணத்துக்குப் பாடம் இருப்பது இரண்டாவதில்.

எல்கார்ட், கான்சாஸின் தென்மேற்கு மூலையில் ஓக்லஹோமா எல்லையை ஒட்டிய ஊர். மக்கள்தொகை 2,000-ஐத் தொடாது. அங்கே ஹார்ட்லேண்ட் ட்ரை-ஸ்டேட் வங்கிக்கு மொத்தம் சுமார் 13.9 கோடி டாலர் சொத்தும் 13 கோடி டாலர் வைப்புத்தொகையும் இருந்தன. பெரும்பாலும் விவசாயக் கடன்கள். நல்ல மூலதன வலுவோடு, மேற்பார்வையாளர்களிடம் நல்ல பெயரோடு நடந்த வங்கி அது. அதன் தலைமை நிர்வாகி ஷான் ஹேன்ஸ் ஊரில் எல்லோரும் மதித்த மனிதர். வாட்ஸ்அப்பில் தொடங்கிய ஒரு கிரிப்டோ முதலீட்டு மோசடியில் அவர் சிக்கினார். ஆளைக் கொழுக்கவைத்து வெட்டுகிற ரகம்: முதலில் லாபம் வருவதுபோலத் திரையில் காட்டுவார்கள், பிறகு அந்த லாபத்தை எடுக்க வேண்டுமானால் இன்னும் கட்டு, இன்னும் கட்டு என்பார்கள். முதலில் தன் பணத்தைப் போட்டார். பிறகு தேவாலயத்தின் 40,000 டாலர், ஊர் முதலீட்டுக் குழுவின் 10,000 டாலர், சொந்த மகளின் கல்லூரிச் சேமிப்பில் 60,000 டாலர். கடைசியாக 2023 மே இறுதிக்கும் ஜூலை தொடக்கத்துக்கும் இடையே, வங்கியிலிருந்தே தவணை தவணையாக 4.71 கோடி டாலரைக் கம்பிவழிப் பரிமாற்றத்தில் (வயர் டிரான்ஸ்ஃபர்) அனுப்பிவைத்தார்.

கணக்கைப் பாருங்கள். மொத்தச் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு, ஆறே வாரத்தில் போய்விட்டது. ஊழியர்கள் கேள்வி கேட்டிருக்க வேண்டிய இடம் அது. அவருக்கு ஊரிலும் வங்கியிலும் இருந்த செல்வாக்கினால் அவர் சொன்னதைச் செய்தார்கள், வங்கியின் சொந்த விதிகளையும் தாண்டிச் செய்தார்கள் என்று அமெரிக்க மத்திய வங்கியான பெடரல் ரிசர்வின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் பின்னர் எழுதியது. 2024 ஆகஸ்டில் அவருக்கு 293 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஏறத்தாழ இருபத்து நான்கரை ஆண்டு.

இனி, மூடும் நாளில் நடப்பதைச் சொல்கிறேன். உங்கள் பயத்தில் பாதி இந்த நடைமுறை தெரியாததால் வருவது.

அமெரிக்காவில் ஒரு வங்கியைப் பொதுவாக மூடுவது, அதற்கு உரிமம் கொடுத்தவர். மாநில உரிமம் என்றால் மாநில வங்கி ஆணையர். தேசிய உரிமம் என்றால் கருவூலத் துறையைச் சேர்ந்த கரன்சி கன்ட்ரோலர் அலுவலகம். மூடிய அதே நிமிடத்தில் அவர்கள் வங்கியை எஃப்.டி.ஐ.சி. எனப்படும் கூட்டாட்சி வைப்புத்தொகைக் காப்பீட்டுக் கழகத்திடம் ஒப்படைப்பார்கள். அந்தக் கழகம் ரிசீவராகப் பொறுப்பேற்கும். மூடிய வங்கியின் சொத்து, கடன், வழக்கு, வாடகை ஒப்பந்தம் எல்லாம் அந்த நொடியிலிருந்து ரிசீவர் கையில். பெரும்பாலும் வெள்ளிக்கிழமை மாலை, வாடிக்கையாளர்கள் போன பிறகு இது நடக்கும். அதற்கு முன்பே எஃப்.டி.ஐ.சி. ஊழியர்கள் அக்கம்பக்கத்து விடுதிகளில் வந்து தங்கியிருப்பார்கள். எங்கே வேலை செய்கிறோம் என்று யாரிடமும் மூச்சு விட மாட்டார்கள். கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டப்படும். வங்கி ஊழியர்களைக் கூட்டிச் செய்தியைச் சொல்வார்கள். அழுகை முடிந்ததும் அதே ஊழியர்கள்தான் சனியும் ஞாயிறும் உட்கார்ந்து ஒவ்வொரு கணக்கையும் நேர் செய்து கொடுக்க வேண்டும். வேறு யாருக்கும் அந்த ஏடுகள் தெரியாதே.

எல்கார்ட்டில் 2023 ஜூலை 28, வெள்ளிக்கிழமை அது நடந்தது. திங்கட்கிழமை காலை நான்கு கிளைகளும், அதே மூலையில் உள்ள சிரக்யூஸ் ஊரின் ட்ரீம் ஃபர்ஸ்ட் வங்கியின் கிளைகளாகத் திறந்தன. எல்லா வைப்புத்தொகையையும் புதிய வங்கி ஏற்றுக்கொண்டது. 2,50,000 டாலர் என்ற காப்பீட்டு வரம்பைத் தாண்டிய பணத்தையும் சேர்த்துத்தான். வார இறுதியில் காசோலை செல்லுபடியானது, டெபிட் கார்டு வேலை செய்தது. காப்பீட்டு நிதிக்கு 5.42 கோடி டாலர் இழப்பு என்று மதிப்பிட்டார்கள். வைப்பு வைத்தவர் யாருக்கும் ஒரு சென்ட்கூட இழப்பில்லை.

உங்கள் ஊரில் இந்தக் கதையைச் சொல்பவர்கள் இரண்டு விதமாக முடிவு கட்டுவார்கள் என்று ஊகிக்கிறேன். ஒரு சாரார் "சின்ன வங்கியை நம்பாதே" என்பார்கள். இன்னொரு சாரார் "பார், அவ்வளவு பெரிய திருட்டு நடந்தும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, பேசாமல் இரு" என்பார்கள். இரண்டாவது பேச்சுதான் எனக்குக் கவலை தருகிறது. ஏனென்றால் லின்ட்சேயில் அப்படி நடக்கவில்லை.

ஓக்லஹோமாவின் கார்வின் கவுன்டியில் உள்ள லின்ட்சேயும் சிற்றூர்தான். அங்கிருந்த ஃபர்ஸ்ட் நேஷனல் வங்கியை 2024 அக்டோபர் 18, வெள்ளிக்கிழமை, கரன்சி கன்ட்ரோலர் அலுவலகம் மூடியது. பொய்யான, ஏமாற்றும் ஆவணங்களும் மோசடியைச் சுட்டும் தகவல்களும் கிடைத்தன, வங்கியின் மூலதனம் கரைந்துபோயிருந்தது என்று காரணம் சொன்னது. சொத்து சுமார் 10.78 கோடி டாலர், வைப்புத்தொகை 9.75 கோடி. எல்கார்ட் வங்கியைவிடச் சற்றுச் சிறியது. இங்கேயும் பக்கத்து ஊர் வங்கி ஒன்று, டங்கன் ஊரின் ஃபர்ஸ்ட் பேங்க் அண்ட் டிரஸ்ட், முன்வந்தது. ஆனால் அது ஏற்றுக்கொண்டது காப்பீடு செய்யப்பட்ட வைப்புத்தொகையை மட்டுமே. வரம்பைத் தாண்டிக் கிடந்த பணம் ஏறத்தாழ 71 லட்சம் டாலர். அந்தப் பணத்துக்கு உரியவர்களுக்குத் திங்கட்கிழமை பாதியைக் கொடுத்தார்கள். மீதிப் பாதிக்கு ரிசீவரின் சான்றிதழ். மூடிய வங்கியின் கடன்களும் கட்டடங்களும் விற்கப்பட்டுப் பணம் வர வர, பங்கு பிரித்துக் கொடுப்பார்கள். எப்போது, எவ்வளவு என்று முன்கூட்டி யாராலும் வாக்குக் கொடுக்க முடியாது.

ஒரே மாதிரி இரண்டு ஊர், ஒரே மாதிரி இரண்டு வங்கி, ஒரே காப்பீட்டுக் கழகம். ஓரிடத்தில் 4 லட்சம் வைத்திருந்தவர் முழுவதும் பெற்றார். இன்னோரிடத்தில் அதே 4 லட்சம் வைத்திருந்தவர் 75,000 டாலருக்காகக் காத்திருக்க நேர்ந்திருக்கும். இந்த வேறுபாடு ஏலத்திலிருந்து வருகிறது. வங்கி மூடப்படுவதற்கு முன்பே எஃப்.டி.ஐ.சி. மற்ற வங்கிகளிடம் இரகசியமாக விலைப்புள்ளி கேட்கும். 1991-ஆம் ஆண்டுச் சட்டப்படி, காப்பீட்டு நிதிக்கு எது குறைந்த செலவோ அதைத்தான் அது தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லா வைப்புத்தொகையையும் ஏற்கிறேன் என்று சொல்லும் விலைப்புள்ளி மலிவாக அமைந்தால் எல்லோருக்கும் பணம் கிடைக்கும். அப்படி அமையாவிட்டால் 2,50,000-க்கு மேல் வைத்திருப்பவர் வரிசையில் நிற்க வேண்டியதுதான். அந்த ஏலத்தில் யார் கலந்துகொள்வார், என்ன கேட்பார் என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, உங்கள் நண்பரான வங்கித் தலைவருக்கும் தெரியாது. உங்கள் சென்னை வீட்டுப் பணத்தை அந்த அறையில் நடப்பதற்கு ஏன் விட்டுவைக்க வேண்டும்?

"2023 மார்ச்சில் கலிபோர்னியாவின் சிலிக்கான் வேலி வங்கி மூழ்கியபோது வரம்பு பார்க்காமல் எல்லோருக்கும் கொடுத்தார்களே" என்று நீங்கள் கேட்கலாம். கொடுத்தார்கள். நிதி அமைப்பு முழுவதற்கும் ஆபத்து என்று அறிவித்து, எஃப்.டி.ஐ.சி. குழுவும் பெடரல் ரிசர்வ் குழுவும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் பரிந்துரைத்து, கருவூலச் செயலர் குடியரசுத் தலைவரைக் கலந்து முடிவெடுத்தால்தான் அந்த விலக்கு கிடைக்கும். லின்ட்சேயில் ஒரு விவசாயி கோதுமை விற்ற பணத்தில் பாதிக்குக் காத்திருப்பதை நாட்டின் நிதி அமைப்புக்கு ஆபத்து என்று யாரும் அறிவிக்கப் போவதில்லை. இது நியாயமில்லை என்பது என் கருத்து. கலிபோர்னியாவின் தொழில்முனைவோருக்குக் கிடைத்த கருணை கார்வின் கவுன்டிக்கும் கிடைத்திருக்க வேண்டும். ஆனால் சட்டம் இன்று இப்படித்தான் இருக்கிறது; இதை வைத்துத்தான் உங்கள் பணத்தைக் காப்பாற்ற வேண்டும்.

இப்போது உங்கள் கணக்குகளுக்கு வருவோம். வரம்பு 2,50,000 டாலர் என்று எல்லோரும் சொல்வார்கள். முழு விதி இதுதான்: ஒரு வைப்பாளருக்கு, ஒரு வங்கியில், ஒவ்வோர் உரிமை வகைக்கும் தனித்தனியாக 2,50,000. தனிநபர் கணக்கு ஒரு வகை. கூட்டுக் கணக்கு வேறொரு வகை. அதில் ஒவ்வொருவருக்கும் 2,50,000, ஆக இருவருக்கு 5,00,000. ஓய்வூதியக் கணக்கு இன்னொரு வகை. உண்மையில் தொழில் நடத்தும் நிறுவனத்தின் கணக்கு மற்றொரு வகை.

உங்கள் கணவரின் தனிக் கணக்கில் 3,90,000. அதில் 1,40,000 வெளியே நிற்கிறது. உங்கள் கூட்டுக் கணக்கிலோ 5,00,000 வரை காப்பீடு உண்டு. இருப்பதோ 1,40,000 மட்டும். அதாவது 3,60,000 டாலருக்கு இடம் காலியாகக் கிடக்கிறது, பக்கத்துக் கணக்கில் பணம் பாதுகாப்பில்லாமல் இருக்கிறது! 1,50,000-ஐ மாற்றினால் தனிக் கணக்கில் 2,40,000, கூட்டுக் கணக்கில் 2,90,000. இரண்டும் முழுமையாக உள்ளே வந்துவிடும். சரியாக 1,40,000 மட்டும் மாற்றினால் போதாதா என்றால், போதாது. மூடும் நாள் வரை சேர்ந்த வட்டியும் வரம்புக்குள் அடக்கம் என்பதால், விளிம்பு வரை நிரப்பி வைத்தால் வட்டி வழிந்துவிடும். கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள்.

மாற்றுவதற்கு முன் சிலவற்றைச் சரிபாருங்கள். கூட்டுக் கணக்கில் இருவருக்கும் பணம் எடுக்கச் சம உரிமை இருக்க வேண்டும். கையெழுத்து அட்டையில் இருவர் கையெழுத்தும் இருக்க வேண்டும். கணக்குத் தொடங்கிய நாளில் நீங்கள் மருத்துவமனைப் பணியில் இருந்து, கணவர் மட்டும் கையெழுத்திட்டு, "டாக்டரம்மா பிறகு வந்து போடட்டும்" என்று வங்கியில் விட்டிருந்தால், அந்த அட்டையை எடுத்துக் காட்டச் சொல்லிப் பாருங்கள். தணிக்கைத் தொழிலில் இருக்கும் எனக்கு, ஒரு குடும்பத்தின் கணக்குகளைப் பார்க்கும்போது முதலில் கேட்கத் தோன்றுவது அந்த அட்டையைத்தான். கிளினிக் எல்.எல்.சி. முறைப்படி பதிவாகித் தொழில் நடத்துவதால் அதன் 85,000 தனி வகை, கவலை வேண்டாம். அதுவே பதிவில்லாத தனிநபர் தொழிலாக இருந்திருந்தால், உரிமையாளரின் சொந்தக் கணக்கோடு சேர்த்து எண்ணுவார்கள்.

பணம் கூட்டுக் கணக்குக்கு வந்தால் அதில் பாதி உங்களுடையதாகிறது என்பதையும் கணவரோடு பேசிக்கொள்ளுங்கள். சென்னை வீடு அவருடைய பெற்றோர் வழி வந்தது, அண்ணன் தம்பிக்கும் அதில் உரிமை உண்டு என்பது போன்ற குடும்பக் கணக்கு ஏதேனும் இருந்தால் வேறு வழி இருக்கிறது. கணவரின் கணக்கிலேயே, அவர் காலத்துக்குப் பிறகு இன்னின்னாருக்கு என்று வாரிசுகளின் பெயரைப் பதியலாம். 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, பதிந்த வாரிசு ஒருவருக்கு 2,50,000 வீதம், ஐந்து பேர் வரை காப்பீடு பெருகும். இரண்டு பிள்ளைகளின் பெயரைப் பதிந்தால் அந்தக் கணக்குக்கு 5,00,000.

துயரமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், திட்டமிட உதவும். கணவன் மனைவியில் ஒருவர் இறந்தால் ஆறு மாதம் வரை பழைய காப்பீடே நீடிக்கும். அதன் பிறகு கூட்டுக் கணக்கு, இருப்பவரின் தனிக் கணக்காகிவிடும், வரம்பும் சுருங்கிவிடும். அந்த ஆறு மாதத்தில் யாருக்கும் வங்கி நினைவு இருப்பதில்லை. இந்தத் தகவலை உயிலோடு ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

குடியுரிமை பற்றிய கேள்விக்குப் பதில் எளிது. காப்பீட்டுக்குக் குடியுரிமையும் வேண்டாம், கிரீன் கார்டும் வேண்டாம், அமெரிக்காவில் வசிக்கக்கூட வேண்டாம். காப்பீடு பெற்ற வங்கியில் பணம் இருந்தால் போதும்.

கடன். வங்கி மூடினால் கடன் மறைந்துவிடாது. உடனே மொத்தமாகக் கட்டு என்று கேட்கவும் முடியாது. உங்கள் ஒப்பந்தத்தில் உள்ள வட்டி, தவணை, காலம் எல்லாம் அப்படியே நிற்கும். பணம் கட்ட வேண்டிய முகவரி மட்டும் மாறும். கடன் பத்திரத்தைப் புதிய வங்கி வாங்கலாம், அல்லது ரிசீவர் சில மாதம் வைத்திருந்து எங்கோ தொலைவில் உள்ள யாருக்காவது விற்கலாம். ஒரு தவணையையும் தவறவிடாதீர்கள். "நமக்குக் கடன் இருக்கிறதே, வைப்புப் பணம் போனால் அதில் கழித்துக்கொள்ளலாம்" என்று உங்கள் கணவர் நினைத்திருக்கலாம். கடனும் வைப்பும் ஒரே பெயரில், ஒரே தகுதியில் இருந்தால்தான் அந்தக் கழிவைக் கேட்க முடியும். உங்கள் கடன் எல்.எல்.சி. பெயரில், வைப்பு கணவர் பெயரில். அதை நம்பி இருக்க வேண்டாம்.

கடனைவிட எனக்கு அதிகக் கவலை தருவது, நீங்கள் எழுதாத ஒன்று. கிளினிக்குக்கு அதே வங்கியில் தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளும் சுழல்கடன் வசதி இருக்கிறதா? இன்னும் எடுக்காத பணத்தைக் கொடுக்க ரிசீவருக்குக் கட்டாயமில்லை; அந்த ஒப்பந்தத்தை அவர் கைவிடலாம். சிற்றூர்களில் வங்கி மூழ்கும்போது உண்மையான அடி விழுவது இங்கேதான். விதையும் உரமும் வாங்க விவசாயி வசந்தத்தில் எடுத்து, அறுவடையில் திருப்பிக் கட்டும் கடன் நின்றுபோகும். புதிய வங்கி உங்கள் முகத்தை அறியாது. "போன ஆண்டு ஆலங்கட்டி மழை, அதனால் கணக்கு அப்படி" என்று சொன்னால் தலையாட்டிக் கேட்ட மனிதர் இருக்க மாட்டார், தாள்களைக் கேட்பார்கள். வைப்புப் பணம் திங்கட்கிழமை திரும்பி வந்துவிடுகிறது. இந்த அறிமுகம் திரும்பி வருவதற்கு ஆண்டுகள் ஆகும். ஆகவே கிளினிக் ஊழியர்களுக்கு இரண்டு மூன்று மாதச் சம்பளம் கொடுக்கும் அளவு பணத்தை வேறொரு வங்கியில் தனிக் கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். அந்த வங்கியுடனும் இப்போதே பேச்சுவார்த்தை இருக்கட்டும். இது நன்றிகெட்டதனம் ஆகாது. உங்கள் கிளினிக்கை நம்பி அந்த ஊரில் எத்தனை நோயாளிகள் இருக்கிறார்கள்!

உங்கள் தம்பி சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அவருடைய கவலை அன்பினால் வருவது. ஆனால் பெரிய வங்கியிலும் வரம்பு இதே 2,50,000தான். ஒரே பெயரில் 3,90,000 டாலரை அங்கே கொண்டுபோய்ப் போட்டாலும் சட்டப்படி அதே 1,40,000 வெளியே நிற்கும். உங்கள் ஊர் வங்கியின் காலாண்டு அறிக்கை எல்லோரும் பார்க்கக்கூடிய பொது ஆவணம்; அதைப் புரட்டிப் பாருங்கள் என்று எந்தக் குடும்பத்துக்கும் சொல்வேன். கடன்கள் ஒரே தொழிலில், அதுவும் சொந்த வட்டாரத்துக்கு வெளியே குவிந்திருந்தால் அது எச்சரிக்கை. அயோவாவின் சாக் சிட்டியில் 2023 நவம்பரில் ஒரு சிறு வங்கி அப்படித்தான் மூழ்கியது: ஊருக்குத் தொடர்பில்லாத லாரித் தொழில் கடன்கள். ஆனால் அறிக்கை எல்லாவற்றையும் காட்டாது. எல்கார்ட் வங்கியின் கடைசி அறிக்கையைப் பார்த்திருந்தால் நானே பாராட்டியிருப்பேன். லின்ட்சே வங்கியின் ஆவணங்களே பொய். திருடுகிறவர் உள்ளே இருந்தால் வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிய வழியில்லை. அதனால்தான் வங்கித் தலைவர் நல்லவரா என்ற ஆராய்ச்சியை விட்டுவிட்டு, எந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பதைப் பாருங்கள் என்கிறேன். அது மட்டும் முழுக்க உங்கள் கையில் இருக்கிறது.

தஞ்சாவூரில் உங்கள் அப்பாவுக்கு நடந்ததை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்று நம் ஊர்களில் வீதிக்கு ஒன்றாக முளைத்த நிதி நிறுவனங்களுக்கு வைப்புக் காப்பீடு கிடையாது. வங்கிகளுக்கு மட்டுமே இருந்தது. வட்டியைப் பார்த்துப் போட்டவர்கள், வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பணம், பெண்ணின் திருமணத்துக்குச் சேர்த்த பணம் என்று எல்லாவற்றையும் இழந்தார்கள். அமெரிக்காவிலும் ஒரு காலம் அப்படித்தான் இருந்தது. 1930களின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கில் வங்கிகள் மூழ்கிய பிறகுதான் 1933-இல் எஃப்.டி.ஐ.சி. சட்டம் வந்தது. 1934 ஜனவரி 1 அன்று 2,500 டாலர் வரம்போடு காப்பீடு தொடங்கியது. அன்று முதல் இன்று வரை காப்பீட்டு வரம்புக்குள் வைத்த பணத்தில் ஒருவரும் எதையும் இழந்ததில்லை. உங்கள் பயத்துக்கு இந்த நாட்டிலும் ஒரு இடம் உண்டு. அது வரம்புக்கு மேலே.

அடுத்து, பங்கு. இதில் நான் கடுமையாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரிசீவர் பணத்தைப் பிரிக்கும்போது ஒரு வரிசை உண்டு. முதலில் ரிசீவரின் செலவுகள். பிறகு வைப்பாளர்கள், காப்பீட்டுப் பணத்தைக் கொடுத்துவிட்ட எஃப்.டி.ஐ.சி.யும் அவர்களோடு சேர்ந்து நிற்கும். பிறகு வங்கிக்குக் கடன் கொடுத்த மற்றவர்கள். கடைசியில் பங்குதாரர்கள். மூழ்கிய வங்கியில் அந்தக் கடைசி வரிசைக்கு வருவதற்குள் பணம் தீர்ந்துவிடுவது வழக்கம். எல்கார்ட்டில் "யாருக்கும் இழப்பில்லை" என்றேனே, வைப்பாளர்களைச் சொன்னேன். பங்கு வைத்திருந்தவர்கள் அந்த ஊரின், சுற்றுவட்டாரத்தின் குடும்பங்கள். ஓய்வுக்காலத்துக்கு, பேரப்பிள்ளைகளுக்கு என்று வங்கிப் பங்கை நிலம்போல நினைத்து வைத்திருந்தவர்கள். ஒரு வெள்ளிக்கிழமையில் அது பூஜ்யமானது. பின்னர் எஃப்.பி.ஐ. மீட்ட சுமார் 80 லட்சம் டாலர் கிரிப்டோ பணத்தை அவர்களுக்குக் கொடுக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. அப்படித் திருட்டுப் பணம் சிக்கியது அபூர்வம். கடன்கள் வாராமல் மூழ்கிய வங்கியில் மீட்பதற்கு ஒன்றும் இருக்காது.

உங்கள் சம்பாத்தியம் அந்த ஊரில். கிளினிக் அந்த ஊரில், வீடு அந்த ஊரில், கடன் அந்த வங்கியில். மழை பொய்த்து விவசாயம் படுத்தால் நோயாளிகள் வருவதும் குறையும், வங்கியும் தள்ளாடும், இரண்டும் ஒரே நேரத்தில். அதற்கு மேல் 50,000 டாலரையும் அதே கூடையில் போடச் சொல்கிறார் நண்பர். வேறு ஒரு கேள்வியையும் கேட்டாக வேண்டும்: வங்கி ஏன் இப்போது புதிதாகப் பங்கு விற்கிறது? வளர்ச்சிக்காக இருக்கலாம், மூத்த பங்குதாரர் ஒருவர் விற்பதாக இருக்கலாம். மூலதனம் குறைகிறது, சேர்த்துக்கொள் என்று மேற்பார்வையாளர்கள் நெருக்குவதாலும் இருக்கலாம். இதற்குப் பதில் கேட்காமல் யாரும் வாங்கக் கூடாது. நீங்கள் பதில் கேட்டாலும் வாங்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை.

நண்பரிடம் எப்படிச் சொல்வது என்று நீங்கள் தயங்குவீர்கள். "எங்கள் கடன் உங்களிடம்தான் இருக்கிறது, எங்கள் வைப்பும் உங்களிடம்தான் இருக்கும், பங்கு வாங்குவதற்கு எங்கள் ஆலோசகர் ஒப்பவில்லை" என்று என்மீதே பழியைப் போடுங்கள். நேர்மையான வங்கியாளர் இதைக் கேட்டு முகம் சுளிக்க மாட்டார். 2,40,000, 2,90,000, 85,000 என்று உங்கள் வைப்பு அவருடைய வங்கியிலேயே இருக்கிறது. அதை வைத்து அவர் இன்னொரு விவசாயிக்கு டிராக்டர் கடன் கொடுக்கலாம். கைகொடுத்தவருக்கு நீங்கள் காட்டும் நன்றி அதைவிடப் பெரிதாக இருக்க வேண்டியதில்லை.

மீதமுள்ளது நகை. லாக்கருக்கு எஃப்.டி.ஐ.சி. காப்பீடு கிடையாது, அது வைப்புத்தொகை அல்ல. ஆனால் உள்ளே இருப்பது வங்கியின் சொத்தும் அல்ல. ரிசீவர் அதைத் தொட முடியாது. புதிய வங்கி திறந்ததும் சாவியோடு போய் எடுத்துக்கொள்ளலாம். திருட்டு, தீ, வெள்ளம் ஆகியவற்றுக்குத்தான் பாதுகாப்பு வேண்டும். வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்திடம் நகைகளைத் தனியாகப் பட்டியலிட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றையும் படம் எடுத்து, எடை குறித்து, ஒரு பிரதியைத் தம்பியிடம் டாலஸில் கொடுத்து வையுங்கள். கையெழுத்து அட்டையைப் பார்க்க வங்கிக்குப் போகும் அன்றே லாக்கரையும் திறந்து இந்த வேலையை முடித்துவிடலாம்.